ஆறு பேர் உட்காரும் வண்டி

“ஃபேமிலி எத்தனை பேர் சார்?” என்று அந்த சேல்ஸ்மேன் தம்பி கேட்டார்.

கடைக்குள்ளே ஏசி குளிர். நான் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு ஒரு வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். புது டயர் வாசனை மூக்கில் ஏறியது. பேரனும் பேத்தியும் வேறொரு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து வாயாலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மருமகளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

நாலு என்றால் மகன், மருமகள், பிள்ளைகள் ரெண்டு பேர். அஞ்சு என்றால் நானும் சேர்த்தி. ஆறு என்று சொன்னால்தான் என் நாத்தனாருக்கு இடம். அவள் அன்றைக்கு எங்களோடு வரவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டு வந்திருந்தோம்.

“நாலு சீட் மாடல் இருக்கு, ஆறு சீட் மாடல் இருக்கு. அஞ்சு சீட்டுதான் இல்ல சார்,” என்று சொல்லி அவர் சிரித்தார்.

எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

நாத்தனார் என்பது என் வீட்டுக்காரரின் தங்கை. சின்ன வயசில் வந்த மூளைக் காய்ச்சலுக்கு அப்புறம் அவளுக்கு உடம்பு மட்டும்தான் வளர்ந்தது. இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. நாலைந்து வார்த்தைதான் பேசுவாள். ‘அண்ணி’ அதில் ஒன்று. நான் கல்யாணமாகி வந்தபோதே அவள் அந்த வீட்டில் அப்படித்தான் இருந்தாள். அண்ணன் இருக்கும்வரை அண்ணன் பொறுப்பு, அண்ணனுக்குப் பிறகு அண்ணன் பிள்ளை பொறுப்பு. எங்கள் ஆட்களில் இதையெல்லாம் உட்கார்ந்து பேசுவது கிடையாது. குழம்பில் உப்பு போடலாமா வேண்டாமா என்று யாராவது பேசி முடிவு பண்ணுவார்களா, அது போலத்தான். என் வீட்டுக்காரர் போனபிறகும் அவள் தட்டு அதே இடத்தில் இருந்தது, பாய் அதே இடத்தில் இருந்தது.

வண்டிப் பேச்சு வந்ததே மழையால்தான். எங்கள் வீடு முடிச்சூர் பக்கம், ஆற்றுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. வீடு இருக்கிற இடமே முன்னே எங்கள் நெல் வயல்தான். வயலாக இருந்தபோது தண்ணீர் ஏறினால் சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள். வீடு கட்டினபிறகு அதே தண்ணீர் ஏறினால் ஐயோ என்கிறோம். தண்ணீருக்கு என்ன தெரியும், அது எப்பவும் வருகிற இடத்துக்கு வருகிறது.

பெருவெள்ளம் வந்த அந்த வருஷ மழையில் தண்ணீர் கூடத்துக்குள் என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. மகன் ஊரில் இல்லை. ஜல்லி, சிமெண்ட் வியாபாரம் அவனுக்கு, லோடு விஷயமாக வெளியூர் போனவன் பாதை அடைபட்டு அங்கேயே மாட்டிக்கொண்டான். மீட்புப் படகு வந்தது. மாடிப்படியில் நின்றபடியே ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தோம். மருமகள் ஏறினாள், பிள்ளைகளை வாங்கிக்கொண்டாள். பிறகு நாத்தனாரை ஏற்றினார்கள். நான் அவள் பின்னால் நின்றேன்.

படகு ஆட ஆரம்பித்ததும் அவளுக்கு வெறி வந்த மாதிரி ஆகிவிட்டது. கையை வீசினாள், எழுந்து நின்றாள், அலறினாள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பேத்திக்கு அப்போது பால் பல்லே விழவில்லை, அவ்வளவு சின்னக் குழந்தை. அம்மா கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

எடுத்துவிட்டார்கள். படகுக்காரர் ஒருவர் உடனே குதித்துக் குழந்தையின் கவுனைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம், பழுப்பு நிறத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. குழந்தை தெரியவில்லை. மருமகள் கத்தக்கூட இல்லை. வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

நாத்தனாரை மறுபடியும் படியில் இறக்கிவிட்டு, நானும் அவளுமாக மாடியிலேயே தங்கிவிட்டோம். படகு பிள்ளைகளோடு போனது.

அதிலிருந்துதான் மகனுக்கு இந்த வண்டி ஆசை. எங்கேயோ ஒரு மலையூரில் பாறை மேலும் ஓடைக்குள்ளும் ஏறி இறங்கிப் போகிற வண்டியை போனில் பார்த்துவிட்டான். பெரிய சக்கரம், சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு, மேலே தகட்டுக் கூரை, கதவு பாதி, கண்ணாடி கிடையாது. எனக்கும் காட்டினான். “தண்ணி ஏற ஆரம்பிச்சவுடனே எல்லாரும் இதுல ஏறிப் போயிடணும்மா. மீட்பு போட்டுக்குக் காத்துக்கினு இருக்கிற பேச்சே வேணாம்,” என்றான். படப்பை தாண்டி எங்களுக்கு மிச்சம் இருக்கிற மாந்தோப்புக்கும் ஏரிக்கரைச் சேற்றில் கார் போகாது. அதுக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டான்.

கடைக்குப் போவதற்கு முந்தின நாள் மருமகள் சமையல் ரூமில் என்னிடம் பேசினாள். அவள் கெட்டவள் இல்லை. ஆபீசுக்குப் போய்விட்டு வந்து, நாத்தனாருக்கு நகம் வெட்டிவிடுவதும் அவள்தான். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

“அத்தை, சின்னத்தைய வேணாம்னு நான் சொல்லவே இல்ல. வீட்ல இருக்கட்டும், எப்பவும்போல இருக்கட்டும். தண்ணியில என் பிள்ளைங்க இருக்கிற வண்டியில மட்டும் அவங்க வேணாம். அவ்ளோதான் நான் கேக்கறது.”

“அப்ப தண்ணி வந்தா அவ?”

“தெரியல அத்தை. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?”

கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வழி இல்லை. அந்தக் குழந்தை முழுகியதை நானும்தான் பார்த்தேன்.

இதெல்லாம் மனசில் ஓட, அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மகன் வேறு கேள்வி கேட்டு நேரத்தைத் தள்ளினான். பெட்ரோலா டீசலா, டயர் பஞ்சரானால் என்ன செய்வது, எவ்வளவு தண்ணீரில் போகும். சேல்ஸ்மேன் தம்பி குனிந்து வண்டியில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அது என் தொடை உயரம்கூட இல்லை.

“இதுக்கு மேல வேணாம் சார். எஞ்சினுக்குத் தண்ணி போச்சுன்னா வாரன்டி கிடையாது. அப்புறம், முன்னாடியே சொல்லிடறேன், இது ரோட்டு வண்டி இல்ல. நம்பர் பிளேட் வராது. தோட்டம், பண்ணை, ரிசார்ட் இங்கதான் ஓட்டணும்.”

“எனக்கு ரோடு முழுகும்போதுதான் தம்பி வேணும். ரோடே இல்லாதப்ப எந்த போலீஸ் வந்து கேக்கப்போறான்?” என்றான் மகன்.

நான் மெதுவாக அவன் சட்டையை இழுத்தேன். “நம்ம வூட்டுச் செவுத்துல தண்ணி நின்ன கோடு என் நெஞ்சு வரைக்கும் கீதேடா.”

“அவ்ளோ ஏறுறதுக்குள்ள வெளிய வந்துடுவோம்மா. அதுக்குத்தானே இது.”

அதுவும் சரிதான் என்று பட்டது. பிறகு அவன் ஆறு சீட் வண்டியைச் சுற்றி வந்தான். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், பெஞ்சு மாதிரி சீட்டு. நாலு சீட் வண்டி வேறு மாதிரி, பளபளவென்று, ஆளுக்கொரு நாற்காலி. பேரன் அதைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

“சைடு பை சைடுன்னு சொல்வாங்கம்மா,” என்று சேல்ஸ்மேன் எனக்கு விளக்கினார், நான் ஏதோ சந்தேகப்படுகிறேன் என்று நினைத்து. “பக்கத்துல பக்கத்துல உக்காந்து போறது. பைக்ல மாதிரி பின்னாடி தொத்திக்கினு போக வேணாம்.”

பக்கத்தில் பக்கத்தில் என்பதுதானே இங்கே சங்கடமே. பின் பெஞ்சில் நான், பேத்தி, நாத்தனார். குழந்தைக்கும் அவளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொள்ளலாம் என்று மனசுக்குள்ளேயே இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

மகன் கடைசியில் சீட்டைத் தட்டிக்கொண்டே சொன்னான். “ஆறு.”

மருமகள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவனுக்கும் எனக்கும் நிம்மதி, அவளுக்குப் பயம். ஒரே காரில் ரெண்டும் வந்தன.

வண்டி வந்து இறங்கின அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது, ஜீப்புக்கும் ட்ராக்டருக்கும் பொறந்தது மாதிரி கீது?”

“மழைக்கு வாங்கினான்க்கா.”

“மழைக்கு எல்லாரும் கொடைதான் வாங்குவாங்க. உன் புள்ள வண்டி வாங்கிக்கீறான்!”

புது வண்டிக்குக் குன்றத்தூர் முருகன் கோயிலில் பூஜை போட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். எங்கள் வீட்டு வண்டி எல்லாவற்றுக்கும் அங்கேதான் போடுவது. ஆனால் ரோட்டில் ஓட்டக்கூடாத வண்டியை எப்படிக் கொண்டுபோவது? ஒரு சின்ன லாரியை வாடகைக்குப் பிடித்து அதன் மேல் ஏற்றிக்கொண்டு போனோம். அடிவாரத்தில் ஐயர் வந்து பார்த்துவிட்டு, “இறக்குங்கோ,” என்றார். இறக்கினால் மறுபடியும் ஏற்றப் பலகை போட வேண்டும், ஆள் வேண்டும். லாரிக்காரர் முகம் சுளித்தார். கடைசியில் கற்பூரத்தைக் கீழே இருந்தே காட்டி, மாலையை மேலே வீசிப்போட்டு, எலுமிச்சம்பழத்தை லாரியின் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டார்கள். லாரி நகர்ந்தது, பழம் நசுங்கியது.

“சார், சாமி ஆசீர்வாதம் என் வண்டிக்குத்தான்,” என்று லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார். மருமகள்கூடச் சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. ஆனால் சிரிக்கிற நேரத்தில் அதை எடுத்துப் பேசுவானேன் என்று விட்டுவிட்டேன்.

வண்டி எங்கள் போர்டிகோவில் நின்றது. காருக்கு வெளியே தெருவில்தான் இடம். நாத்தனாருக்கு அந்த வண்டியை ரொம்பப் பிடித்துப்போனது. கூட்டிப் பெருக்கி முடித்ததும் பின் பெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அரிசியில் கல் பொறுக்க முறத்தைக் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொள்வாள். ஒருநாள் விளையாட்டுக்குப் பேத்தி அவளுக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டாள். தோளிலிருந்து இடுப்புக்கு வருகிற அந்தப் பட்டை இறுகினதும் நாத்தனார் முதலில் முழித்தாள். பிறகு அப்படியே சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ அணைத்துப் பிடித்த மாதிரி இருந்திருக்குமோ என்னவோ. அவளை அவள் அம்மாவுக்கு அப்புறம் அப்படி யார் இறுகப் பிடித்திருக்கிறார்கள்.

விடியற்காலையில் போனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை அந்த வண்டியிலேயே படப்பைப் பக்கம் தோப்புக்குக் கூட்டிப்போனான். முதல் தடவை மருமகள் வரவில்லை, பிள்ளைகளையும் அனுப்பவில்லை. ரெண்டாம் தடவை அவள் மட்டும் வந்தாள், பிள்ளைகளை விட்டுவிட்டு. பள்ளத்தில் வண்டி குதித்தபோது நாத்தனார் என்ன செய்கிறாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் பெல்ட்டுக்குள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரை ஓடையில் தண்ணீர் தெறித்தபோதும் கத்தவில்லை. “ஐ,” என்று மட்டும் சொன்னாள். அது அவளுடைய நாலைந்து வார்த்தையில் இல்லாதது.

மூன்றாம் தடவை பிள்ளைகளும் வந்தார்கள். பேத்திதான் அவளுக்கு பெல்ட் மாட்டிவிட்டாள். அன்றைக்குத் திரும்பும்போது மருமகள் தானாகவே சொன்னாள். “இப்படின்னா சரி அத்தை. மழை வந்தா எல்லாரும் ஒண்ணாவே போயிடலாம்.”

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது. அது நிஜம்.

அப்புறம் கார்த்திகை பிறந்து மழை பிடித்தது. புயல் வருகிறது, ஏரி நிரம்புகிறது என்று டிவியில் ஓயாமல் சொன்னார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய மழை என்று கேள்விப்பட்டதும் காரை எடுத்துப்போய் மேம்பாலத்து மேலே நிறுத்திவிட்டு நடந்து வந்துவிடுவார்கள். போன வெள்ளத்தில் கார்களெல்லாம் முழுகி, குப்பை மாதிரி கிடந்ததைப் பார்த்தவர்கள். பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கார் நின்றாலே இந்தப் பக்கம் வெள்ளம் வரப்போகிறது என்று அர்த்தம்.

அன்றைக்குச் சாயங்காலமும் தெருவில் எல்லாரும் காரை எடுத்தார்கள். மகனும் எங்கள் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். எதிர்வீட்டுக்காரர் அவனைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னா தம்பி, கார எடுத்துட்ட, இத வுட்டுட்டியே? இம்மாம் காசு போட்டுக்கீற, புது வண்டி. எஞ்சின்ல தண்ணி பூந்தா வாரன்டி கெடையாதுன்னு நீதானே சொன்ன?”

“ஆமாண்ணே,” என்றான் மகன். உடனே சாவியை எடுத்தான். மருமகள் குடை பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டாள். பேரன் வண்டிக்கு மேலே பிளாஸ்டிக் பாய் போட்டுக் கட்டச் சொன்னான். நான் கயிறு எடுத்துக் கொடுத்தேன். நாத்தனாரை அதிலிருந்து இறக்குவதற்குத்தான் கொஞ்சம் பாடுபட்டோம். மழைக்கு வாங்கின வண்டியை மழைக்குப் பயந்து பாலத்து மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மகன் நனைந்துகொண்டே நடந்து வந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு, “அப்பாடா,” என்றான். நாங்களும் அப்பாடா என்றோம். வீட்டில் படித்தவர்கள் இருக்கிறார்கள், நான் இருக்கிறேன், தெருவில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்காகக் கை பழகின வேலை, கை செய்துவிட்டது.

ராத்திரி எல்லாரும் மாடியில் படுத்து, காலையில் எழுந்து பார்த்தால் வாசல் கேட்டின் பாதி தெரியவில்லை. ஏரியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மகன் மாடிப்படியில் இறங்கி, தண்ணீருக்கு மேல் படியில் நின்று, காலியாக இருந்த போர்டிகோவைப் பார்த்தான். முதலில் சிரித்தான். பிறகு படியிலேயே உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டான். மருமகள் பிள்ளைகளின் துணியைப் பையில் அடைக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“நான் போய் எடுத்தாறேன்,” என்று அவன் கிளம்பினான். எதிர்வீட்டுக்காரரும் கூடப் போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் ரெண்டு பேரும் தெருமுனை வரைக்கும் போனது மாடியிலிருந்து தெரிந்தது. வெகுநேரம் கழித்து போன் வந்தது. “வண்டிய எடுத்துட்டேன். மெயின் ரோடு முனையில நிக்கறேன். தெருவுக்குள்ள எறக்க முடியல, ஆழமா கீது. போட்டு வருது, எல்லாரும் அதுல முனை வரைக்கும் வந்துடுங்க. இங்கேருந்து நான் கூட்டிக்கினு போயிடறேன்.”

அன்றைக்கு முழுக்க அவன் அந்த முனையிலேயே நின்று, படகில் வந்தவர்களையெல்லாம் வண்டியில் ஏற்றி, ஸ்கூல் கட்டடத்துக்குக் கொண்டுபோய் விட்டானாம். பிரசவத்துக்கு இருந்த ஒரு பெண்ணைக்கூட அதில்தான் கொண்டுபோனான். இப்பவும் தெருவில் அதைச் சொல்லி அவனைக் கும்பிடுகிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

படகு எங்கள் படிக்கட்டில் வந்து இடித்தது. நாத்தனார் மேல்படியில் நின்று அதைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. மாடிக் கிரில்லை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலற ஆரம்பித்தாள். விரலைப் பிரிக்க நான் பார்த்தேன், முடியவில்லை. மீட்புக்காரர், “இன்னொரு ஆளு வந்தா தூக்கிடலாம்மா,” என்றார். மருமகள் படகில் ஏறிவிட்டாள். ரெண்டு பிள்ளைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டு, நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்திக்கு உதடு வெளுத்துவிட்டது.

“வேணாம் தம்பி, தூக்க வேணாம். நீங்க கெளம்புங்க,” என்றேன் நான்.

“அத்தை, நீங்களாவது வாங்க.”

“போம்மா. பிள்ளைங்கள கூட்டிக்கினு போ.”

“பாட்டி, பெல்ட் போட்டா கத்த மாட்டாங்க பாட்டி,” என்று பேத்தி சொன்னாள். படகில் ஏது பெல்ட்? படகு திரும்பியது. மருமகள் அங்கிருந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நாங்கள் ரெண்டு பேரும் மாடியில் இருந்தோம். ரொட்டியும் பாலும் படகில் வந்தது, கயிறு கட்டி வாளியில் இழுத்துக்கொண்டேன். படகு போனதும் நாத்தனார் அமைதியாகிவிட்டாள். பால் பாக்கெட்டை எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி என்று ஊற்றினாள். கீழே எங்கள் சாமான்கள் ஒன்றோடு ஒன்று மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைவிட எனக்கு வேறு நினைப்பு பெரிதாக இருந்தது. நான் இல்லாமல் இவள் மட்டும் இந்தக் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நாள் ஒன்று வந்தால், அன்றைக்கு யார் தண்ணீருக்கு இந்தப் பக்கம் அவளோடு நிற்பார்கள்?

தண்ணீர் வடிந்து எல்லாரும் திரும்பி வந்தார்கள். சேற்றை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது மருமகள் மகனிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. மேற்குத் தாம்பரத்தில் மாதா கோயில் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு இல்லம் இருக்கிறதாம். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களாம். அவள் ஆபீசில் கூட வேலை செய்கிறவளின் அத்தை அங்கேதான் இருக்கிறாராம். மகன் சேற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தான். கடையில் சீட்டைத் தட்டி ஆறு என்று சொன்னவன், இப்போது வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வண்டியைப் பாலத்தில் விட்டவனுக்குப் பேச வாய் ஏது என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்து, சேறு படிந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சோறு வேறு யார் போட்டாலும் முதல் கவளத்தை என்னைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அந்த இல்லத்தில் யாரைப் பார்ப்பாள்?

“நானும் அவளும் தோப்புக்குப் போயிடறோம்,” என்றேன். “மேட்டு நெலம். தண்ணி நிக்காது. அங்க ரெண்டு ரூம் கீது, மோட்டார் கீது. எங்களுக்குப் போதும்.”

மகன் மண்வெட்டியை நிறுத்தினான். “பைத்தியமா உனக்கு? ரெண்டு கெழவிங்க, தனியா?”

“பக்கத்துத் தோப்புல குடும்பம் கீது. ஞாயித்துக்கெழமை நீ வா.”

“ஊரு என்னைத்தான் பேசும்மா. பெத்தவள தோட்டத்துல தள்ளிட்டான்னு.”

“பேசட்டும். ஊரா வந்து அவள போட்டுல ஏத்தப்போவுது?”

மருமகள் உள்ளே போய்விட்டாள். அழுதாள் என்று பிறகு பேரன் சொன்னான். எதற்காக அழுதாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியுமோ என்னவோ.

இப்போது நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். வண்டியும் எங்களோடு இந்தப் பக்கம் வந்துவிட்டது. தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு மாவு மில் இருக்கிறது, அதன் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார்கள். மகன் வாரா வாரம் காரில் அதுவரைக்கும் வந்து, அங்கிருந்து அந்த வண்டியில் ஏரிக்கரை மேல் அரிசி, காய்கறி, கேஸ் எல்லாம் கொண்டுவருவான். பேரன் சில சமயம் கூட வருவான். பேத்தி வருவதில்லை. போனில் பேசுவாள், கட்டாகிவிடும். இங்கே டவர் சரியில்லை. மாலையில் அவள் ஸ்கூல் வேன் வருகிற நேரத்துக்கு எனக்கு இங்கேயும் காது தெருப்பக்கம் போகும். இங்கே தெரு ஏது? மாமரம்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு வேலை நாள். விடாத மழை. என் பிரஷர் மாத்திரை தீர்ந்து சில நாள் ஆகியிருந்தது, பேரனிடம் போனில் சும்மா சொல்லிவைத்திருந்தேன். மத்தியானம் ஏரிக்கரைப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. மகன்தான் என்று நினைத்தேன். சேறு தெறிக்க வந்து நின்ற வண்டியிலிருந்து மருமகள் இறங்கினாள். ஆபீஸ் புடவை, முழங்கால் வரை சேறு, தலையில் பிளாஸ்டிக் பை.

“நீ எப்ப இத ஓட்டக் கத்துக்கின?”

“வழியிலதான்,” என்றாள். “கார விட ஈஸி அத்தை. பள்ளம் வந்தா கண்ண மூடிக்கிட்டு அமுக்கினேன்.” மாத்திரையைக் கொடுத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “வீங்கியிருக்கு. சொல்ல மாட்டீங்களா?”

அதற்குள் நாத்தனார் மழையிலேயே ஓடிப்போய் பின் பெஞ்சில் ஏறி, பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மருமகள் அவளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய், “முன்னாடி வாங்க சின்னத்தை,” என்று கையைப் பிடித்து இறக்கி, முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டாள். வண்டி தோப்புக்குள் போனது. மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கத்துகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எஞ்சின் சத்தத்திலும் மழைச் சத்தத்திலும் ஒன்றும் பிடிபடவில்லை. சுற்றிக்கொண்டு மறுபடியும் அவர்கள் வெளியே வரும்வரை வாசலை விட்டு நான் அசையவில்லை.

மருமகள் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து வாசல்படியில் நின்றாள்.

“உங்க பேத்திய நான் இப்போதைக்குக் கூட்டிட்டு வரல அத்தை. அவளுக்குப் பயம் இல்ல, எனக்குத்தான். படுத்தா இன்னும் அந்தத் தண்ணி கண்ணுக்குள்ள வருது. தப்பா எடுத்துக்காதீங்க.”

“தப்பா எடுத்துக்கல,” என்றேன். “சாப்பிட்டுட்டுப் போ. கத்திரிக்காய்க் கொழம்பு கீது.”

எடுத்துக்கொள்ளாமலும் இல்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் பொய் சொல்லவில்லை, அதுவே போதும் என்று சோற்றைப் போட்டேன்.

நாத்தனார் இறங்க மாட்டேன் என்று வண்டிக்குள்ளேயே இருந்தாள். மருமகள் ரெண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்துபோய், ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நாத்தனார் முதல் கவளத்தை எடுத்துவைத்துக்கொண்டு, வண்டிக் குழாய்களுக்கு நடுவே என்னைத் தேடினாள். நான் தலையை ஆட்டினேன். பிறகு சாப்பிட்டாள். மழை வண்டியின் கூரைத் தகட்டில் விழுந்துகொண்டிருந்தது.